காணொளியில் நரம்பியல் மருத்துவர்: எதைப் பார்க்க இயலும், எதற்கு நேரில் வர வேண்டும்?

பேரணாம்பட்டிலிருந்து காணொளி வழியே பேசிய ஓர் அம்மையார், ஆலோசனை முடியும் தறுவாயில் என்னிடம் கேட்டார்: “கையைக்கூடப் புடிச்சுப் பாக்கலையே டாக்டர், மாத்திரைய மாத்திட்டீங்களே, சரியா இருக்குமா?” அவருடைய கணவருக்கு ஆறு ஆண்டுகளாகப் பார்க்கின்சன் நோய். அவர் கேட்டதில் குறை சொல்லும் தொனி இல்லை, கவலைதான் இருந்தது. காணொளி ஆலோசனைக்கு வரும் குடும்பங்களில் பாதிப் பேராவது இதையே வேறு சொற்களில் கேட்கிறார்கள். சிலர் கேட்காமலே மனத்தில் வைத்துக்கொண்டு, பிறகு மாத்திரையை மாற்றாமல் பழையபடியே கொடுத்துவருகிறார்கள். ஆகவே இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே விடை சொல்ல விரும்புகிறேன்.

சுருக்கமான விடை இதுதான்: நரம்பியல் பரிசோதனையில் ஏறக்குறைய பாதி கண்ணாலும் காதாலும் செய்யப்படுவது, மறுபாதி கையால் செய்யப்படுவது. முதல் பாதியைக் காணொளி நன்றாகவே செய்யும். இரண்டாம் பாதியை அது செய்யவே செய்யாது. உங்கள் நோய் எந்தப் பாதியைச் சேர்ந்தது என்பதை அறிந்துகொண்டால், எப்போது கைப்பேசியை எடுக்க வேண்டும், எப்போது பேருந்து ஏற வேண்டும் என்பது விளங்கிவிடும்.

நம் பகுதி நரம்பியலுக்குப் புதியதன்று. இந்தியாவில் நரம்பியலுக்கென முதன்முதலில் தனித்துறை தொடங்கப்பட்டது வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில்தான். 1949-இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி அங்கு வந்து அதைத் தொடங்கினார். ஆயினும் நரம்பியல் மருத்துவர்கள் இன்றும் பெருநகரங்களிலேயே திரண்டிருக்கிறார்கள். நோயாளிகளோ எங்கும் பரவியிருக்கிறார்கள். பேரணாம்பட்டிலிருந்து ஆற்காட்டுக்கு வர குடியாத்தம், வேலூர் எனப் பேருந்து மாற வேண்டும். ஆம்பூரிலோ மேல்விஷாரத்திலோ ஷூ கம்பெனியில் வேலை செய்யும் பெண் ஒருவர் தம் மாமியாரை மருத்துவமனைக்கு அழைத்துவந்தால் ஒரு நாள் கூலி போகும். கை நடுங்கும் முதியவரைப் பேருந்துப் படியில் ஏற்றி இறக்கும் பாடு தனி. இத்தனைக்கும் பிறகு, “நன்றாக இருக்கிறார், இதே மாத்திரை தொடரட்டும், மூன்று மாதம் கழித்து வாருங்கள்” என்று நான் ஐந்து நிமிடத்தில் அனுப்பிவைத்தால், அந்தப் பயணத்துக்கு என்ன பொருள்?

இந்தச் சங்கடத்துக்கு விடை தேடும் முயற்சி நமக்கு அண்டையிலேயே தொடங்கியது என்பது பலருக்குத் தெரியாது. வேலூரிலிருந்து வடக்கே, சித்தூரைத் தாண்டி அரகொண்டா என்றொரு கிராமம் உண்டு. அப்போலோ மருத்துவமனைகளை நிறுவிய டாக்டர் பிரதாப் ரெட்டியின் சொந்த ஊர் அது. அவ்வூரில் இருந்த சிறு மருத்துவமனையைச் செயற்கைக்கோள் வழியே நகரத்து நிபுணர்களோடு இணைத்தார்கள். 2000-ஆம் ஆண்டு மார்ச் 24 அன்று, ஐதராபாத்துக்கு வந்திருந்த அமெரிக்க அதிபர் பில் கிளிண்டன் அந்தச் சேவையைத் தொடங்கிவைத்தார். அம்முயற்சியை முன்னின்று நடத்தியவர்களுள் முதன்மையானவர் சென்னையைச் சேர்ந்த நரம்பியல் அறுவை நிபுணர் டாக்டர் கே. கணபதி. தொலைமருத்துவத்தை இந்தியாவில் வளர்த்தெடுத்தவர் ஒரு நரம்பியல் அறுவை நிபுணர் என்பது எனக்கு வியப்பளிக்கவில்லை. நரம்பு நோயாளிகளின் கதையைப் பொறுமையாகக் கேட்பதிலும், அவர்கள் நடப்பதைக் கூர்ந்து பார்ப்பதிலுமே எங்கள் வேலையின் பெரும்பகுதி கழிகிறது. அன்று அதற்கு வட்டத்தட்டு ஆண்டெனாவும் தனி அறையும் தேவைப்பட்டன. இன்று அந்த அறை உங்கள் சட்டைப்பையில் இருக்கிறது.

முதலில், கண்ணால் காணக்கூடியவை. பேசும்போது வாய் ஒருபக்கம் இழுக்கிறதா, இமை தொங்குகிறதா, கண்கள் இரண்டும் ஒருசேர அசைகின்றனவா, பேச்சு குழறுகிறதா, கைகளை நீட்டினால் நடுங்குகின்றனவா, கட்டைவிரலால் ஆள்காட்டி விரலைத் தட்டச் சொன்னால் வேகம் குறைந்துகொண்டே போகிறதா என்பனவற்றை எல்லாம் திரையிலேயே காணலாம். ஒரு தாளில் பெயரை எழுதிக் காட்டச் சொன்னால் எழுத்து சுருங்குவது தெரியும். நடந்து காட்டும்போது மட்டும் குடும்பத்தார் ஒருவர் அருகில் நின்றாக வேண்டும். தனியாக இருக்கும் நோயாளியைக் காணொளியில் நான் நடக்கச் சொல்வதில்லை.

பார்க்கின்சன் நோயைப் பொறுத்தவரை, மருத்துவமனையில் காணாததை வீட்டில் காண முடிகிறது. மேலே சொன்ன அம்மையாரின் கணவர் என் அறைக்கு வந்தபோதெல்லாம் தடையின்றி நடந்திருக்கிறார். அகலமான நடைக்கூடம், வழவழப்பான தரை, மருத்துவர் பார்க்கிறார் என்ற கவனம் ஆகியவை அவரை நடத்திவிட்டன. காணொளியில் அவர் சமையலறை வாசலுக்கு வந்ததும் கால்கள் தரையில் ஒட்டிக்கொண்டாற்போல் நின்றுவிட்டன. குறுகலான இடங்களில் கால் உறைவது இந்நோயின் இயல்பு. வாசலில் ஒரு கோணி மிதியடி வேறு கிடந்தது. அதை எடுத்துவிடச் சொன்னேன். தரையில் ஓரடி இடைவெளியில் வண்ண ஒட்டுநாடாக் கோடுகள் ஒட்டி, ஒவ்வொரு கோட்டையும் தாண்டுவதாக நினைத்துக் கால் எடுத்து வைக்கச் சொன்னேன். கண்ணுக்கு ஓர் அடையாளம் கிடைத்தால், உறைந்த கால் பலருக்கு நகர்ந்துவிடுகிறது. லெவோடோபா மாத்திரையை அவர் சாப்பாட்டோடு விழுங்கிவந்ததும் அன்றுதான் தெரிந்தது. உணவில் உள்ள புரதம் அம்மருந்து உட்கிரகிக்கப்படுவதைத் தடுக்கக்கூடும். ஆகவே உணவுக்கு அரை மணி நேரம் முன்பாக அதைக் கொடுப்பது நல்லது. கையைப் பிடித்துப் பார்க்காமலே மாத்திரையின் நேரத்தையும் அளவையும் மாற்றியதற்குக் காரணம் இதுவே.

வலிப்பு நோயில் காணொளியின் பயன் இன்னும் பெரிது. நேரில் வந்தாலும், வலிப்பு வரும் கணத்தை நான் பார்ப்பது அரிது. என்னிடம் வருகையில் நோயாளி நலமாகவே இருப்பார். இ.இ.ஜி. எடுக்கும் நேரத்திலும் பலருக்கு அது இயல்பாகவே இருக்கும். எனவே வலிப்பை நேரில் கண்ட ஒருவர் சொல்லும் விவரமே எங்களுக்கு முதன்மையான சான்று. பதற்றத்தில் இருப்பவரால் அதைச் சரியாகச் சொல்ல முடிவதில்லை. “ரொம்ப நேரம் இழுத்தது” என்பார்கள். பதிவைப் பார்த்தால் ஒன்றரை நிமிடம்தான் இருக்கும். வீட்டில் இருவர் இருந்தால், ஒருவர் நோயாளியைக் கவனிக்க, மற்றவர் கைப்பேசியில் பதிவு செய்யட்டும். ஒருவரே இருந்தால் பதிவை மறந்துவிடுங்கள், நோயாளியே முக்கியம்.

பதிவு செய்யும்போது முகத்தை மட்டும் நெருங்கி எடுக்காமல் உடல் முழுவதும் தெரியுமாறு எடுங்கள். கண்கள் திறந்திருந்தனவா மூடியிருந்தனவா, தலை எந்தப் பக்கம் திரும்பியது, எந்தக் கை முதலில் வெட்டியது, நினைவு திரும்ப எவ்வளவு நேரம் ஆனது ஆகிய நான்கும் தெரிந்தால், மூளையின் எப்பகுதியிலிருந்து வலிப்பு கிளம்புகிறது என்பதைப் பெரும்பாலும் ஊகித்துவிடலாம். அது உண்மையில் வலிப்புதானா, மயக்கமா, மனஅழுத்தத்தால் வரும் வேறொன்றா என்பதும் விளங்கும். வலிப்பே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் வலிப்பு மாத்திரை விழுங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுள் சிலருக்கு விடுதலை அளித்தது ஒரு நிமிடக் கைப்பேசிப் பதிவு.

இங்கே ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியவில்லை. எனக்கு வரும் பதிவுகளில் பாதிக்கு மேற்பட்டவற்றில் யாரோ ஒருவர் நோயாளியின் கையில் சாவிக்கொத்தைத் திணித்துக்கொண்டிருக்கிறார். இரும்பு வலிப்பை நிறுத்தாது. வலிப்பு தானாகவே நிற்கும் நேரத்தில் இரும்பு கையில் இருப்பதால், அதற்குப் பெயர் கிடைத்துவிட்டது. வாயில் எதையும் வைக்க வேண்டா, கைகால்களை அழுத்திப் பிடிக்க வேண்டா. ஒருக்களித்துப் படுக்கவைத்து, கழுத்துப் பொத்தானைத் தளர்த்தி, கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்பாமலே மறுபடி வந்தாலோ உடனே 108-ஐ அழையுங்கள்.

அடுத்தது, கையால் மட்டுமே அறியக்கூடியவை. இதைச் சொல்லும்போது என் பிழை ஒன்றையும் சொல்லியாக வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை செய்யும் நடுத்தர வயதினர் ஒருவர் காணொளியில் பேசினார். சுண்டுவிரலும் அதன் பக்கத்து விரலும் மரத்துப்போயிருக்கின்றன என்றார். அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. சர்க்கரையால் நரம்பு பாதிப்பது மிகவும் பரவலானது. ஆகவே அதுவே காரணம் என்று கருதி, சர்க்கரையைக் கட்டுப்படுத்தச் சொல்லி மருந்தும் எழுதினேன். இரண்டு மாதம் கழித்து மீண்டும் காணொளியில் வந்தார், குறையவில்லை என்றார். மருந்தின் அளவைக் கூட்டினேன். ஐந்தாம் மாதம் அவர் நேரில் வந்தார். முழங்கையின் உட்புறத்தில் விரலை வைத்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. அங்கே ஓடும் நரம்பு கயிறுபோல் தடித்திருந்தது. முதுகில், அவரே பாராத இடத்தில், உணர்ச்சியற்ற வெளிறிய படை ஒன்று இருந்தது. அது தொழுநோய். சர்க்கரையால் நரம்பு பாதிக்கும்போது வழக்கமாக முதலில் இரு பாதங்களும் மரத்துப்போகும். ஒரு கையின் இரண்டு விரல்கள் மட்டும் மரத்தால், மருத்துவர் முழங்கையைத் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும். நான் அவரை முதல் நாளே நேரில் வரச் சொல்லியிருக்க வேண்டும்.

தொழுநோய்க்குக் கூட்டு மருந்துச் சிகிச்சை ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆறு மாதமோ ஓராண்டோ முறையாக உட்கொண்டால் நோய் குணமாகும். அவருக்கும் குணமாயிற்று. ஆனால் காலம் தாழ்ந்ததால் சுண்டுவிரல் சற்றே வளைந்துவிட்டது. வேலூரில் டாக்டர் பால் பிராண்டு 1940-களின் பிற்பகுதியிலிருந்து தொழுநோயால் மடங்கிய கைகளை அறுவை செய்து நிமிர்த்திய வரலாறு உலகம் அறிந்தது. காட்பாடிக்கு அருகே கரிகிரியில் தொழுநோய்க்கென்றே ஒரு மையம் 1955 முதல் இயங்கிவருகிறது. அப்படிப்பட்ட மண்ணில் பணியாற்றிக்கொண்டு இதைத் தவறவிட்டேன் என்பதை நான் மறப்பதில்லை. அன்றிலிருந்து ஒரு விதி வைத்திருக்கிறேன்: மரத்துப்போதல் முதன்மைத் தொல்லையாக இருந்தால், முதல் ஆலோசனை நேரில்தான்.

மரத்துப்போதலைப் பற்றி இப்பகுதி மக்கள் அறிய வேண்டியது இன்னொன்றும் உண்டு. காலணியின் பாகங்களை ஒட்டும் சில பசைகளிலும் கரைப்பான்களிலும் ஹெக்சேன் என்ற வேதிப்பொருள் கலந்திருக்கலாம். காற்றோட்டமில்லாத அறையில் அதன் ஆவியை மாதக்கணக்கில் சுவாசித்தால் கைகால் நரம்புகள் பழுதாகும். முதலில் விரல் நுனிகள் மரக்கும், பிறகு பாதம் தொய்யும். 1960-களில் ஜப்பானில் செருப்புத் தயாரிப்பில் பசை ஒட்டிய தொழிலாளர்களிடம் இது கண்டறியப்பட்டது. அந்தச் சூழலிலிருந்து விலகிய பிறகும் சில வாரங்கள் பாதிப்பு கூடிவிட்டு, அதன்பின்னரே மெல்லக் குறையத் தொடங்கும். ஆகவே என்ன வேலை செய்கிறீர்கள், பசை ஒட்டும் பிரிவா, சன்னல் உண்டா என்று நான் கேட்டால் வீண் விசாரணை என எண்ண வேண்டா. வீட்டிலேயே வேலை எடுத்துச் செய்பவர்கள், பசை டப்பாவின் மேலிருக்கும் எழுத்துகளைப் படம் எடுத்து அனுப்பினால் மிகவும் உதவும். இந்தக் கேள்விகளுக்குக் காணொளி போதும். ஆனால் இசைக்கவையைக் கணுக்காலில் வைத்து அதிர்வு தெரிகிறதா என்று பார்க்கவும், சுத்தியலால் தட்டி அனிச்சைச் செயலைப் பார்க்கவும் நீங்கள் என் எதிரே இருந்தாக வேண்டும்.

தலைவலியும் அப்படியே. ஆண்டுக்கணக்கில் ஒரே விதமாக வரும் ஒற்றைத் தலைவலிக்குத் தொடர் ஆலோசனை காணொளியில் போதுமானது. புதிதாகத் தொடங்கிய தலைவலி, படுத்தால் கூடும் தலைவலி, இடையிடையே பார்வை மங்கும் தலைவலி ஆகியவற்றுக்குக் கண்ணின் உட்புறத்தைக் கருவியால் பார்க்க வேண்டும். மூளையின் அழுத்தம் கூடியிருந்தால் பார்வை நரம்பின் முனை வீங்கியிருக்கும். அதை விட்டுவிட்டால் பார்வையே போகலாம். எந்தக் கைப்பேசியும் அதை எனக்குக் காட்டுவதில்லை.

இனிச் சொல்லப்போவதைத் தயவுசெய்து வீட்டில் உள்ள அனைவருக்கும் படித்துக் காட்டுங்கள். திடீரென ஒரு பக்கம் வாய் கோணினால், ஒரு கையோ காலோ சோர்ந்தால், பேச்சு குழறினால், அது பக்கவாதமாக இருக்கலாம். அப்போது காணொளி ஆலோசனைக்கு முன்பதிவு செய்யாதீர்கள். என் எண் உங்களிடம் இருந்தாலும் என்னை அழைக்காதீர்கள். 108-ஐ அழைத்து, சி.டி. ஸ்கேன் வசதியும் பக்கவாதச் சிகிச்சையும் உள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பெரிய இரத்தக்குழாய் ஒன்று அடைபட்டால் நிமிடத்துக்குச் சராசரியாக 19 லட்சம் நரம்பணுக்கள் இறக்கின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கட்டியைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதுவும் சி.டி. ஸ்கேனில் இரத்தக்கசிவு இல்லை என்று உறுதி செய்த பிறகே போட முடியும். ஒருமுறை காலை ஏழு மணிக்குக் கை விழுந்த ஒருவரைப் பிற்பகல் மூன்று மணிக் காணொளி ஆலோசனை வரை காத்திருக்கச் செய்து, திரையில் எனக்குக் காட்டினார்கள். “உங்களுக்கு அவரைப் பற்றி எல்லாம் தெரியுமே என்று காத்திருந்தோம்” என்றார் மகன். என் மேல் அவர் வைத்த நம்பிக்கைதான் அந்த எட்டு மணி நேரத்தையும் விழுங்கியது. இன்றும் அந்தக் கை எழவில்லை.

முதல் அறிகுறி தெரிந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தூக்கத்திலிருந்து எழும்போதே கை விழுந்திருந்தால், கடைசியாக நலமாக இருந்தது எப்போது என்பதைக் குறியுங்கள். அவர் உட்கொள்ளும் மாத்திரை அட்டைகளைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள், சிறப்பாக இரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் மாத்திரை இருந்தால்.

பக்கவாதத்தில் தொலைமருத்துவத்துக்கு இடமே இல்லையா என்றால், உண்டு. ஆனால் அது உங்களுக்கும் எனக்கும் இடையே அன்று, மருத்துவருக்கும் மருத்துவருக்கும் இடையே. நரம்பியல் நிபுணர் இல்லாத மருத்துவமனையில், அவசரப் பிரிவு மருத்துவர் நோயாளியின் அருகில் நிற்க, தொலைவிலிருக்கும் நிபுணர் ஸ்கேன் படத்தையும் நோயாளியையும் திரையில் பார்த்து, ஊசி போடலாமா என முடிவு செய்ய உதவுவார். 1999-ஆம் ஆண்டு முதலே மருத்துவ உலகில் இதற்கெனத் தனிப்பெயர் உண்டு. அங்கே கைக்கு வேறொரு மருத்துவர் இருக்கிறார். கண்ணை மட்டும் நாங்கள் இரவல் தருகிறோம்.

சட்டத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2020 மார்ச் 25 அன்று நடுவண் அரசு தொலைமருத்துவ நெறிமுறைகளை வெளியிட்டது. அதன்படி பதிவு பெற்ற மருத்துவர் காணொளியில் ஆலோசனை வழங்கலாம், மருந்துச்சீட்டும் அனுப்பலாம். நேரில் பார்த்து ஆறு மாதத்துக்குள் அதே நோய்க்காக அதே மருத்துவரிடம் பேசினால் அது தொடர் ஆலோசனையாகக் கொள்ளப்படும். நாங்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறையேனும் நேரில் வரச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். சில மருந்துகளைக் காணொளியில் எழுதித் தருவதற்குத் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. ஆகவே வலிப்பு மாத்திரையோ உறக்க மாத்திரையோ தீரும் நாளன்று அழைக்காமல், பத்து நாள் முன்பே கேளுங்கள். வலிப்பு மாத்திரை இரண்டு நாள் தவறினாலே ஆபத்து. காணொளி போதாது என்று மருத்துவர் கருதினால் எந்தக் கட்டத்திலும் நிறுத்திவிட்டு நேரில் அழைக்கலாம். அந்த உரிமை உங்களுக்கும் உண்டு. பொது மருத்துவ ஆலோசனைக்கு அரசின் இ-சஞ்சீவனி சேவை இலவசமாகவே கிடைக்கிறது.

நடைமுறையில் கண்ட சில குறிப்புகள். சன்னலுக்கு முதுகு காட்டி உட்காராதீர்கள்; முகம் கறுத்துத் தெரியும், வாய் கோணுவது தெரியாது. மாத்திரையின் பெயரை மனப்பாடமாகச் சொல்வதைவிட அட்டையையே திரையில் காட்டுங்கள். வெள்ளை மாத்திரை என்றால் எனக்கு ஒன்றும் விளங்காது. வீட்டில் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி இருந்தால் முந்தைய ஒரு வார அளவுகளைத் தேதியோடு எழுதி வையுங்கள். கருவி இல்லாதவர்கள், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பணியாளர் பார்த்துக் குறித்த அளவைச் சொல்லலாம். சவுதியிலோ பெங்களூரிலோ இருக்கும் மகன் அதே அழைப்பில் சேர்ந்துகொள்ள விரும்பினால் மகிழ்ச்சியே. ஒருமுறை சொன்னதைப் பலமுறை சொல்லும் வேலை குறையும்.

ஒன்றே ஒன்று மட்டும் என்னை உறுத்துகிறது. நேரில் வரும் பெண்ணிடம், உடன் வந்தவர்களைச் சற்று வெளியே இருக்கச் சொல்லிவிட்டுப் பேச முடிகிறது. காணொளியில் கைப்பேசி கணவரின் கையில் இருக்கிறது, அல்லது மாமியார் கூடத்தில் இருக்கிறார். தலைவலிக்கும் மயக்கத்துக்கும் பின்னே இருக்கும் சில செய்திகள் அந்தக் கூடத்தில் வாய்க்கு வருவதில்லை. அப்படியிருந்தால் காரணம் எதுவும் சொல்ல வேண்டா. “நேரில் வந்து பேசணும் டாக்டர்” என்ற ஒரு வரி போதும். செவிலியரிடம் அதைச் சொன்னாலும், அடுத்த வாரத்திலேயே நேரம் ஒதுக்கித் தருவார்.

பேரணாம்பட்டு அம்மையாரின் கணவருக்கு அடுத்த முறை நேர்முகப் பரிசோதனை. அவருடைய மணிக்கட்டை நானே மடக்கி நீட்டிப் பார்க்க வேண்டும்; மாத்திரை போட்ட பின் அதன் விறைப்பு எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்பதைத் திரையில் காண முடியாது. காலை மாத்திரையைப் போடாமல் கையோடு எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன். வந்ததும் ஒருமுறை, மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்து ஒருமுறை பார்ப்பதாக ஏற்பாடு.